துடுப்பு யார் கையில்: ஹோமரும் தாம்சனும்

ஏரியில் படகோட்டிப் போய், அங்கேயே படம் வரைந்து திரும்பும் பழக்கத்துக்கு வட அமெரிக்காவில் இரண்டு பெரிய பெயர்கள் உண்டு. வின்ஸ்லோ ஹோமர் அமெரிக்கர். 1836-இல் பாஸ்டனில் பிறந்து 1910-இல் மறைந்தார். டாம் தாம்சன் கனடியர். 1877-இல் பிறந்தவர், நாற்பதாவது பிறந்தநாளுக்கு நான்கு வாரம் இருக்கையில் 1917 ஜூலையில் ஏரியிலேயே இறந்துபோனார். ஒருவர் நீர்வண்ணக்காரர், மற்றவர் தைலவண்ணக்காரர் என்று பிரித்து எழுதுவதுதான் வழக்கம். அந்தப் பிரிவு பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் படகை ஓட்டியது யார்?

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹோமர் போன இடம் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே உள்ள அடிரோண்டாக் மலைக்காடு. தாம்சன் போனது ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்கா. நடுவில் நாட்டெல்லையும் செயின்ட் லாரன்ஸ் ஆறும் குறுக்கிட்டாலும் இரண்டும் ஒரே பழம்பாறைத் தொடர்தான். கனடியக் கேடயம் என்று புவியியலாளர்கள் சொல்லும் பாறைப்பரப்பின் தெற்கு நீட்சியே அடிரோண்டாக். வெள்ளைப் பைன், ஹெம்லாக், பிர்ச், மேப்பிள் என்று மரங்களும் ஒன்றே. மே மாதத்தில் தொடங்கி ஜூன் கடைசிவரை கழுத்தையும் காதையும் கடித்துக் குதறும் கறுப்பு ஈயும் ஒன்றே. அடிரோண்டாக் 1892-இலும் அல்கோன்குவின் 1893-இலும் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இரண்டு அரசுகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் விழித்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான்: மரம் வெட்டும் நிறுவனங்கள் காட்டைத் தின்றுகொண்டிருந்தன.

ஆட்களும் அவ்வளவு தூரமானவர்கள் அல்லர். இருவருமே ஓவியப் பள்ளி வழியாக வந்தவர்கள் இல்லை, அச்சுத் தொழில் வழியாக வந்தவர்கள். ஹோமர் பாஸ்டனில் ஒரு லித்தோகிராஃப் பட்டறையில் தொழில் பழகி, இசைத்தாள்களுக்கு அட்டைப்படம் போட்டு, பிறகு ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழுக்காக உள்நாட்டுப் போரைப் படமாக வரைந்து அனுப்பினார். தாம்சன் சியாட்டிலில் அச்சுக்கட்டை செய்யும் நிறுவனங்களில் எழுத்தும் அலங்காரமும் வரைந்து, பிறகு டொராண்டோவில் ‘கிரிப்’ என்ற வணிகக் கலை நிறுவனத்தில் சேர்ந்தார். ஹோமர் நீர்வண்ணத்தைத் தீவிரமாகக் கையில் எடுத்தது 1873-இல், 37 வயதில். தாம்சன் அல்கோன்குவினை முதன்முதலாகப் பார்த்தது 1912-இல், 34 வயதில். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. இருவருக்கும் மீன்பிடிப்பதில் பைத்தியம். தூண்டில் போட ஏரிக்குப் போனவர்கள் வண்ணப்பெட்டியையும் கொண்டுபோனார்கள் என்று சொன்னால் அது இருவருக்குமே பெரிய அவதூறு ஆகாது.

பிரிவது படகில் ஏறும் இடத்தில்.

அடிரோண்டாக்கில் மினெர்வா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1886-இல் ‘நார்த் வுட்ஸ் கிளப்’ தொடங்கியது. வசதியுள்ளவர்கள் சேர்ந்து காட்டையும் ஏரிகளையும் தங்களுக்கென்று வாங்கி வைத்துக்கொண்ட வேட்டை, மீன்பிடி மன்றம் அது. ஹோமர் அதன் உறுப்பினர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே போய்வந்தார். இப்படி வரும் நகரத்து மனிதர்களை ஏரியில் கூட்டிப்போக உள்ளூர் வழிகாட்டிகள் இருந்தார்கள். கூலிக்குப் படகு ஓட்டுவார்கள், தோளில் படகு சுமப்பார்கள், மீனைச் சுத்தம் செய்து பொரித்தும் கொடுப்பார்கள். அவர்களுக்கென்றே அந்தப் பகுதியில் ஒரு படகு வடிவம் உருவாகியிருந்தது. ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர் வளைவை அப்படியே விலாவாக வைத்து, மெல்லிய பலகை அடித்துச் செய்த ‘கைட்போட்’. ஓர் ஆள் தலைக்கு மேல் கவிழ்த்துச் சுமந்து அடுத்த ஏரிக்கு நடந்துவிடலாம், அவ்வளவு இலேசு. ஆனால் அது கனூ அல்ல. கனூவில் ஒற்றைத் துடுப்பைப் பிடித்து, போகும் திசையைப் பார்த்தபடி தள்ளுவார்கள். கைட்போட்டில் இரட்டைத் துடுப்பை வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். பின்கோடியில் உட்காரும் விருந்தாளி அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே போவார்.

ஹோமரின் ஏரிப் படங்களில் கனூவும் உண்டு, கைட்போட்டும் உண்டு. எதுவாக இருந்தாலும் அவற்றில் மனிதர்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு தனித்தன்மையோடு இருக்கிறார்கள் என்பதற்கு அந்த இருக்கை அமைப்பு ஒரு பதில் என்று நினைக்கிறேன். 1894-இல் வரைந்த ‘தி அடிரோண்டாக் கைட்’ படத்தில் தாடி நரைத்த ஒரு கிழவர், துடுப்பு கையில் இருக்க, உடம்பைத் திருப்பிக் கரையோர மரங்களைப் பார்க்கிறார். அவருக்கு அந்த மரங்கள் காட்சிப்பொருள் இல்லை. எது விழும், எது நிற்கும், எதன் அடியில் மீன் ஒதுங்கும் என்று தெரிந்தவரின் பார்வை அது. வழிகாட்டியின் முகத்துக்கு எதிரே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவரால் வரைய முடிந்த படம்.

தாம்சனுக்கு எதிரே யாரும் உட்காரவில்லை. காரணம், வழிகாட்டியே அவர்தான். டொராண்டோ வேலையை விட்டபின் கோடைகளில் அவருக்குக் கைச்செலவுக்குக் காசு வந்த வழிகளில் ஒன்று, கனூ லேக் என்ற ஏரிக்கரையில் ‘மோவட் லாட்ஜ்’ விடுதிக்கு வரும் சுற்றுலாக்காரர்களைப் படகில் கூட்டிப்போவது. 1916 கோடையில் காட்டுத்தீக் காவலராகவும் வேலை பார்த்தார். இருவர் போகும் கனூவில் திசை திருப்பும் ஆள் பின்னால் உட்காருவார். அப்படியானால் தாம்சன் கோடை முழுக்கப் பார்த்தது ஏரியை மட்டுமல்ல, முன்னால் உட்கார்ந்திருந்த சுற்றுலாக்காரரின் முதுகையும்தான். அந்த முதுகை அவர் படமாக்க ஆசைப்படவில்லை. தனியாகப் போகும்போது முன்னால் வெறும் படகு மூக்கு, அதற்கப்பால் நீர். அவருடைய ஏரிப் படங்களில் பெரும்பாலானவற்றில் ஆளே இல்லை என்பதைப் பலர் தத்துவமாக விளக்குகிறார்கள். அதில் பாதியாவது இருக்கை விவகாரம்.

இதிலிருந்து இன்னொன்று தெரிகிறது. கோடை நாளில் கனூவில் மிதந்து படம் வரையும் ஓவியர் என்றதும் கனடாவில் எல்லோரும் நினைப்பது தாம்சனைத்தான். ஆனால் அவர் வரைந்து குவித்தவற்றில் கோடை மிகக் குறைவு. சுமார் 400 சிறு தைலவண்ணப் பதிவுகளில் பனி உருகும் வசந்தமும் இலை சிவக்கும் அக்டோபருமே அதிகம். ஜூலை, ஆகஸ்டில் துடுப்பு அடுத்தவருக்காக ஓடியது. அதோடு, கோடைப் பச்சை அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காததில் நியாயம் உண்டு. மலை பச்சை, மரம் பச்சை, நீரில் விழும் நிழலும் பச்சை. பிர்ச் மஞ்சளாகி, மேப்பிள் சிவந்து, பைன் கறுப்பாக நிற்கும்போதுதான் ஒரு மரத்தையும் அடுத்த மரத்தையும் கண் தனித்தனியே பிரிக்கிறது. டொராண்டோவில் குடியேறிய நம்மவர்களும் கார் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு அல்கோன்குவின் போவது அக்டோபர் முதல் வாரங்களில்தான். தாம்சன் சொல்லித்தான் போகிறார்கள் என்று இல்லை, ஆனால் கணக்கு அதே கணக்கு.

ஹோமர் இந்தப் பச்சையோடு மல்லுக்கட்டவில்லை, அதை இருட்டாக்கிவிட்டார். கரையைக் கிட்டத்தட்டக் கறுப்பாகும்வரை அடர்த்தியாக்கி, அதற்கு முன்னால் ஒரே ஒரு நிறத்தை வைப்பார். 1892-இன் ‘தி ப்ளூ போட்’டில் அது படகின் நீலம். மற்றப் பச்சையெல்லாம் அந்த நீலத்துக்காக ஒதுங்கி நிற்கிறது. 1891-இன் ‘மிங்க் பாண்ட்’ இன்னும் துணிச்சலானது. அதில் மலையும் இல்லை, வானமும் இல்லை. நீர்மட்டத்தில் ஓர் அல்லிப் பூ, இலைமேல் ஒரு தவளை, எதிரே ஒரு மீன். குனிந்து நீரைத் தொட்டுப் பார்க்கும் தூரம் அவ்வளவுதான். கோடை முழுக்க அல்லி பூக்கும் ஏரியில், படகை யாரோ அசையாமல் பிடித்திருக்க, ஓவியர் விளிம்பில் கையூன்றிப் பார்த்தால் இது கிடைக்கும். தன் படகைத் தானே பிடித்திருந்த தாம்சனுக்கு அந்தச் சும்மா இருக்கும் கை கிடைக்கவில்லை. கனூவில் தனியே உட்கார்ந்து கோடு போட முயன்றவர்களுக்குத் தெரியும்: துடுப்பைக் கீழே வைத்த மறுகணம் இலேசான காற்றுகூடப் படகின் மூக்கைத் திருப்பிவிடும். வரையத் தொடங்கிய பாறை வலப்பக்கம் நகர்ந்துபோய், அதுவரை கண்ணில் படாத வேறொரு மரம் எதிரே நிற்கும். அந்த நிலையில் உருப்படியாக வரையக்கூடியது தொலைவில் உள்ளதைத்தான். அக்கரை, மேகம், அந்திச் சிவப்பு. தாம்சனின் 1915 ‘சன்செட்’ பலகையில் கரை ஒரு மெல்லிய பட்டை. மீதி முழுக்க வானமும் அதன் பிரதிபலிப்பும்.

இப்போது வண்ணத்துக்கு வரலாம்.

நீர்வண்ணம் வெயிலில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். தைலவண்ணம் நாள் கணக்கில் ஈரம் தாங்கும். ஏரியில் இந்த வேறுபாடு பெரியது. ஹோமர் தாளை நனைத்து, நிறத்தை ஓடவிட்டு, காய்வதற்குள் ஒற்றி எடுத்து, காய்ந்தபின் கத்திமுனையால் சுரண்டுவார். 1889-இன் ‘காஸ்டிங், எ ரைஸ்’ படத்தை நெருங்கிப் பார்க்க வாய்த்தால் இது புரியும். மங்கிய சாம்பல் நீரில் ஒருவர் படகிலிருந்து தூண்டில் வீசுகிறார். நூல் காற்றில் சுழித்து நீள்கிறது. அந்த நூல் வெள்ளை வண்ணத்தால் வரைந்தது அல்ல. முழுப் பரப்பும் காய்ந்தபிறகு கத்திமுனையை ஒரே இழுப்பில் ஓட்டி, தாளின் மேல்தோலைக் கீறி, அடியிலிருந்த வெண்மையை வெளியே எடுத்திருக்கிறார். வீச்சின் வேகமும் கீறலின் வேகமும் ஒன்று. கை சற்றுத் தயங்கினால் தாள் கிழிந்திருக்கும். லித்தோ கல்லில் சுரண்டி வெளிச்சம் எடுக்கப் பழகிய தொழிலாளியின் கை, ஐம்பது வயதைத் தாண்டியும் மறக்கவில்லை.

தாம்சனின் கருவி வேறு. மடியில் வைத்துக்கொள்ளும் மரப்பெட்டி. திறந்தால் மூடியில் பலகை நிற்கும், கீழே வண்ணத்தட்டு. பலகை சுமார் 21.6 × 26.7 செ.மீ., ஏ4 தாளைவிடச் சற்றுச் சிறியது. ஈரமான பலகைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கப் பெட்டியில் தனித்தனிக் காடிகள். வண்ணத்தைத் தடிப்பாக, ஒருமுறை வைத்ததை மறுபடி தடவாமல் வைப்பார். இரண்டு தீற்றலுக்கு நடுவே பலகையோ, முன்பே பூசிய சிவப்பு அடிநிறமோ எட்டிப் பார்க்கும். அவசரத்தில் விட்டுப்போனதா, வேண்டுமென்றே விட்டதா என்று வாதிடலாம். அவர் பின்னால் பெரிய கித்தானில் நிதானமாக வரைந்தபோதும் அந்த இடைவெளிகளை மூடவில்லை என்பதால், வேண்டுமென்றே என்றுதான் படுகிறது.

ஈரப் பலகையோடு காட்டுவழியில் பயணம் என்பது விளையாட்டில்லை. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரிக்கு நிலத்தில் நடக்க வேண்டும். மரச்சட்டத்தில் கான்வாஸ் போர்த்திய அந்தக் கால கனூ 30 கிலோவைத் தாண்டும். 1912-இல் தாம்சன் ஒரு நண்பரோடு மிசிசாகி வனப்பகுதியில் நெடும்பயணம் போனபோது படகு கவிழ்ந்து, எடுத்த புகைப்படச் சுருள்களில் பெரும்பகுதி நீரோடு போயிற்று. வரைந்தவற்றிலும் சில போயின. ஆனாலும் படகை விட்டபாடில்லை. பிறகு வாங்கிய ‘செஸ்ட்நட்’ நிறுவனத்துக் கனூவுக்குப் பூச்சுக் கலக்கையில், ஓவிய வண்ணக் குழாயிலிருந்து கோபால்ட் நீலத்தைப் பிதுக்கிச் சேர்த்து ஒரு தனிச் சாம்பல்நீலம் வரவழைத்தார் என்று சொல்வார்கள். ஹோமர் படத்தில் உள்ள படகுக்கு நீலம் பூசினார். தாம்சன் ஓவிய வண்ணத்தை நிஜப் படகுக்கே பூசினார்.

ஏரியில் செய்ததை இருவரும் பிறகு என்ன செய்தார்கள் என்பதிலும் வேறுபாடு உண்டு. ஹோமருக்கு நீர்வண்ணத் தாள் பெரும்பாலும் முடிந்த படம்; சட்டமிட்டு விற்பனைக்குப் போகும். தாம்சன் குளிர்காலத்தில் டொராண்டோ திரும்பி, ‘ஸ்டூடியோ பில்டிங்’ என்ற கட்டடத்தின் பின்புறம் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு எடுத்த ஒரு குடிசையில் சில பலகைகளைப் பெரிய கித்தானாக்குவார். புகழ்பெற்ற ‘தி ஜாக் பைன்’ அப்படி வந்தது. கிராண்ட் லேக் கரையில் தீட்டிய சிறு பலகை, 1916-17 குளிர்காலத்தில் 127.9 × 139.8 செ.மீ. கித்தானாயிற்று. கனடாவில் பள்ளிக்கூடச் சுவர்வரை எட்டிய படம் அது. எனக்கென்னவோ அதைவிடப் பலகைகள்தான் பிடிக்கின்றன. கித்தானில் ஏரி கிடைமட்டப் பட்டைகளாக ஒழுங்குபட்டு, அந்தப் பழைய வணிக அலங்காரக் கை தலைகாட்டுகிறது. பலகையில் அந்த ஒழுங்குக்கு நேரம் இருந்திருக்காது.

கோடை ஏரி என்றால் எல்லாம் இன்பமயம் என்று எண்ணிவிட வேண்டாம். அதை மறைக்காதவர் ஹோமர். அக்காலத்தில் மானை வேட்டைநாய்களால் விரட்டி ஏரியில் இறக்கிவிடுவார்கள். நீந்திக் களைத்த மானைப் படகில் நெருங்கிக் கொல்வது சுலபம். 1892-இன் ‘ஹவுண்ட் அண்ட் ஹன்ட்டர்’ படத்தில் படகில் குப்புறச் சாய்ந்த ஒரு பையன் நீரில் மிதக்கும் மானின் கொம்பைப் பிடித்துக் கட்டப் பார்க்கிறான். நாய் நீந்தி வருகிறது. முதலில் நீர்வண்ணமாகவும் பிறகு தைலவண்ணமாகவும் இதை வரைந்தார். கொடூரம் என்று அன்றே முகம் சுளித்தவர்கள் உண்டு. ஹோமர் படத்தில் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை. படகு அங்கே உல்லாசப் பொருள் அல்ல, கூலிவேலையின் கருவி. வெட்டுமரம் ஆற்றில் போவதையும் தீப்பிடித்து மொட்டையான மலையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

தாம்சனைப் பற்றிய பொதுக் கற்பனையோ நேர் எதிர்: மனிதக் காலடி படாத காடு. உண்மையில் மோவட் ஒரு மரவாடிக் கிராமம். ஆலை நொடித்துப் போனபின் மிச்சமிருந்த கட்டடம் ஒன்றுதான் விடுதியாயிற்று. ஏரிக்குப் பக்கத்தில் ரயில் ஓடியது. அணையால் மூழ்கிச் செத்த மரங்கள் கரையோரம் நின்றன. தாம்சன் இதைப் பார்க்காதவர் அல்லர். அணை வழியே மரக்கட்டைகள் இறங்கும் ‘தி டிரைவ்’ அவர் வரைந்ததுதான். வெறும் காடாக அவரைச் சுருக்கியது பின்னால் வந்த தேசியப் பெருமிதம். 1920-இல் அவர் நண்பர்கள் ‘குரூப் ஆஃப் செவன்’ என்று குழுவானபோது வடக்கு என்றால் ஆளில்லாப் பாறையும் பைனும் என்ற பிம்பம் உறுதிப்பட்டது. அந்தப் பிம்பத்தில் அடிபட்டுப் போனவர்கள், பூங்காவுக்குப் பெயர் தந்த அல்கோன்குவின் மக்கள். கனூவே அவர்கள் போன்ற பூர்வகுடிகளின் பிர்ச் பட்டைப் படகிலிருந்து வந்தது. தாம்சனின் கான்வாஸ் கனூ அதே விலாவமைப்பின் தொழிற்சாலைப் பதிப்பு.

தாம்சன் இறந்த விதம் பற்றி ஒரு நூலகமே எழுதிவிட்டார்கள். 1917 ஜூலை 8-ஆம் தேதி படகில் கிளம்பினார். கவிழ்ந்த படகு கிடைத்தது. எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. விபத்தில் மூழ்கினார் என்பது அதிகாரபூர்வ முடிவு. கொலை, கடன், காதல் என்று ஆளாளுக்கு ஒரு கதை. இந்தத் துப்பறியும் ஆர்வத்தில் நூறில் ஒரு பங்கு அவர் பலகைகளுக்குக் கிடைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். உயிரோடு இருந்தபோது அந்தப் பலகைகளைக் கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர். கடைசி வசந்தத்தில் தீட்டிய ‘ஏர்லி ஸ்ப்ரிங், கனூ லேக்’ 2009-இல் ஏலத்தில் 27 லட்சம் கனடிய டாலரைத் தாண்டியது.

இன்று இருவரையும் பார்க்கப் போகிறவர்களுக்கும் அந்த வண்ண வேறுபாடு வந்து நிற்கிறது. தாம்சன் எளிது. ஒட்டாவா தேசிய காட்சியகத்திலும் டொராண்டோவின் ஒன்டாரியோ ஓவியக் காட்சியகத்திலும் பலகைகள் சுவரில் இருக்கின்றன. கிளைன்பர்க்கிலுள்ள மெக்மைக்கேல் காட்சியகத்தில் அந்த ஒரு டாலர் குடிசையே நிற்கிறது. ஹோமர் கடினம். நீர்வண்ணத்தை வெளிச்சம் அரிக்கும். அவர் பயன்படுத்திய சில சிவப்புகள் நிலைக்காதவை. 1887-இல் வரைந்த ஒரு படத்தில் அந்திவானம் முற்றிலும் வெளுத்துப்போய், அங்கே முன்பு சிவப்பு இருந்ததைச் சிகாகோ கலைக்கூடத்தின் ஆய்வாளர்கள் கருவி வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆகவே தாள்கள் சில மாதம் சுவருக்கு வரும், பிறகு நீண்ட காலம் இருட்டறைக்குப் போகும். பாஸ்டன் போகிறவர்கள் ‘தி ப்ளூ போட்’ அப்போது மாட்டியிருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொண்டு, பிறகு டிக்கெட் எடுப்பது நல்லது.